தட்டைத் திருப்பிப் பாருங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு மனிதர் வருகிறார். அவருடைய பெயர் நமக்குச் சொல்லப்படவில்லை. இயேசு கூட்டத்துக்குப் போதித்துக்கொண்டிருக்கிறார். இவர் குறுக்கே புகுந்து, தம் சகோதரனிடம் பேசிச் சொத்தைப் பங்கு பிரித்துத் தரச் சொல்லும்படி கேட்கிறார். ஆண்டவர் அந்தப் பஞ்சாயத்துக்கு வர மறுத்துவிடுகிறார். பேராசையைப் பற்றி எச்சரிக்கிறார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வரின் கதையைச் சொல்கிறார்.

ஒரு பங்குத்தந்தைக்கு இந்த மனிதர் மிகவும் அறிமுகமானவர். பெரியவர் ஒருவர் இறந்து, முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த கையோடு அவர் வந்துவிடுவார். நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, நகைக்கு எடை இருக்கிறது. அன்றைய தங்க விலை செய்தித்தாளில் வருகிறது. இவற்றைப் பிரிப்பதில் சண்டை வரலாம், ஆனால் கணக்கு தெளிவாக இருக்கும். கணக்கே தெரியாத பொருள்கள் சில உண்டு. அம்மா கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த பழைய பீங்கான் டின்னர் செட் அப்படிப்பட்டது. அதற்குப் பத்திரமும் இல்லை, எடைக்கு விலையும் இல்லை. ஒருவருக்கு அது பொக்கிஷம், இன்னொருவருக்கு அது இடத்தை அடைக்கும் சாமான். விலை தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுவது எளிது. ஆகவே இன்று அந்தத் தட்டுகளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் ஊரில் இது புதுமையான பேச்சு அல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. அதைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, திருமணச் சீராக டின்னர் செட் வாங்கின. ஊருக்குத் திரும்பிய துரைமார் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது சிலர் வாங்கினார்கள். மலாயா, பர்மா, இலங்கை என்று பிழைக்கப் போனவர்கள் கப்பலில் திரும்பும்போது பெட்டியில் வைக்கோல் பொதிந்து சில தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 1942-இல் போருக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் உயிரை மட்டும்தான் கொண்டுவந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே ஆசாரமான வீடுகளில் வாழையிலையில்தான் சாப்பாடு. ஆனால் அந்த வீட்டுப் பரணிலும் பீங்கான் என்ற பெயரில் ஒன்று இருக்கும்: பழுப்பும் வெள்ளையுமான ஊறுகாய் ஜாடி. உப்பும் புளிப்பும் உலோகத்தை அரித்துவிடும், ஜாடியை அரிக்காது. மாவடுவும் நார்த்தங்காயும் அதில்தான் வருடக்கணக்கில் கெடாமல் இருந்தன. பாட்டியின் ஜாடி யாருக்கு என்று அங்கேயும் மருமகள்களுக்குள் பேச்சு வருவதுண்டு. மதம் எதுவானாலும் பாகம் பிரிக்கும் நாள் எல்லா வீட்டுக்கும் வருகிறது.

முதலில், பீங்கான் என்பது என்ன? சீன நாட்டில் கிடைக்கும் ஒருவகை வெண்களிமண்ணை ஒருவகைக் கல்லின் பொடியோடு சேர்த்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுட்டால், மண் கண்ணாடிபோல் இறுகிவிடும். வெளிச்சத்தை உள்ளே விடும். நீரை உறிஞ்சாது. சீனாவின் ஜிங்டெஜென் நகரம் இதற்குப் பேர்போனது. இந்தச் சீனப் பீங்கான் நம் கரைக்கும் என்றோ வந்துவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பாண்டத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

ஐரோப்பியருக்கு இந்த இரகசியம் நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1708 வாக்கில்தான் உண்மையான பீங்கானைச் சுட்டெடுத்தார்கள். 1710-இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. அதே காலத்தில் பிரான்சிலிருந்து சீனா சென்ற இயேசு சபைக் குரு பிரான்சுவா சேவியர் தான்ட்ரகோல், ஜிங்டெஜென் சூளைகளை நேரில் பார்த்து, அங்கே வேலைசெய்த கிறிஸ்தவத் தொழிலாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1712-இலும் 1722-இலும் விரிவான கடிதங்கள் எழுதினார். மண் பிசைவது முதல் சூளையிலிருந்து எடுப்பது வரை ஒரு பாத்திரம் எழுபது பேர் கைகளைக் கடந்து வருவதாக அங்கே சொல்லப்படுவதை அவர் குறித்துவைத்திருக்கிறார். ‘இது என் தட்டு’ என்று பிடித்து இழுக்கும் முன்னால் அந்த எழுபது பேரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். 1790-களில் ஜோசையா ஸ்போட் என்பவர், மாட்டெலும்பைச் சுட்ட சாம்பலைக் களிமண்ணோடு கலந்தார். கலவையில் ஏறக்குறையப் பாதி அந்தச் சாம்பல்தான். கடைகளில் நாம் ‘போன் சைனா’ என்று கேட்டு வாங்குவது இதுதான். பெயரிலேயே எலும்பு இருக்கிறது. சைவ உணவுக் குடும்பத்துக்குத் திருமணப் பரிசு கொடுக்கும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

இனி, வீட்டில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலாவது, வெளிச்சம். தட்டின் பின்னால் டார்ச் விளக்கை வைத்து, நடுவே உங்கள் விரல்களை நீட்டுங்கள். விரல்களின் நிழல் தட்டின் வழியே தெரிந்தால் பெரும்பாலும் அது பீங்கான் அல்லது போன் சைனா. தெரியவில்லை என்றால் அது சாதாரணக் களிமண் பாண்டமாகவோ, நம் ஊறுகாய் ஜாடிபோல் தடித்துச் சுட்ட பாண்டமாகவோ இருக்கலாம். தட்டு மிகவும் தடிமனாக இருந்தால் நல்ல பீங்கானிலும் வெளிச்சம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, ஓசை. தட்டை மூன்று விரல் நுனியில் ஏந்திக்கொண்டு, மறுகை நகத்தால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. ‘டப்’ என்று அடைத்த சத்தம் வந்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் எங்கோ இருக்கக்கூடும்.

மூன்றாவது, ஓவியம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பூவும் கொடியும் சின்னச் சின்னப் புள்ளிகளாகவோ, ஒரே சீரான கோடுகளாகவோ தெரிந்தால் அது அச்சு. விளிம்புக் கொடியின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் சற்றே விலகி ஒட்டுப்போட்டதுபோல் இருந்தாலும் அது அச்சுத்தாள் ஒட்டிய வேலை. தூரிகை போன தடமும், பூவுக்குப் பூ சிறு வேற்றுமையும் தெரிந்தால் கை வேலை.

நான்காவது, முக்கியமானது: தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு முத்திரை இருக்கும். அமெரிக்கா 1890-இல் இயற்றிய சுங்கச் சட்டத்தால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று ஆனது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற ஒற்றைச் சொல் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்தது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. ‘நிப்பான்’ என்று இருந்தால் ஏறத்தாழ 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட ஜப்பானியப் பாண்டம். அதன்பின் ‘ஜப்பான்’ என்று போட்டார்கள். ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்று இருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நாடு அந்நியப் படையின் பிடியில் இருந்த காலத்தது. 1952-இல் அது முடிந்தது. ஆங்கிலேயப் பாண்டங்களில் வைர வடிவக் கட்டம் இருந்தால், அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவுசெய்யப்பட்டது. ‘ஆர்டி’ என்ற எழுத்துகளோடு எண் இருந்தால் அந்தப் பதிவு 1884-இலோ அதற்குப் பிறகோ நடந்தது. இவை வடிவமைப்பைப் பதிந்த காலம். உங்கள் கையிலுள்ள தட்டு அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக்கூடச் செய்யப்பட்டிருக்கலாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘வெட்ஜ்வுட், 1759’ என்று முத்திரையில் பார்த்தவுடன், ‘இருநூற்றைம்பது வருஷத் தட்டு!’ என்று துள்ளிவிடுகிறார்கள். அது கம்பெனி தொடங்கிய ஆண்டு. போன வருடம் செய்த தட்டிலும் அதே எண் இருக்கலாம். கிரீடமும் சிங்கமும் இருந்தால் அரண்மனைத் தட்டு என்றும் நினைக்க வேண்டாம். பல கம்பெனிகள் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொண்டன. சீனப் பாண்டத்தில் பழைய பேரரசர் பெயர் இருந்தாலும் அது சான்றாகாது. முன்னோர்மீது கொண்ட மரியாதையால் பிற்காலக் குயவர்களும் அந்தப் பெயரை எழுதினார்கள், போலி செய்தவர்களும் எழுதினார்கள். ‘டிஷ்வாஷர்’, ‘மைக்ரோவேவ்’ என்ற சொற்கள் இருந்தால் அது நம் காலத்துத் தட்டு. கல்கத்தாவின் பெங்கால் பாட்டரீஸ், குவாலியர் பாட்டரீஸ் முத்திரைகள் இருந்தால் அது நம் நாட்டுத் தொழிலாளர் உழைப்பு, அதையும் மதியுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நம் வீடுகளில் இருக்கும் தொழிற்சாலை டின்னர் செட்டுகளில் பெரும்பாலானவை பெரிய விலை போகாதவை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை உலகம் முழுவதும் குறைந்துவிட்டது. பெரிய செட்டைத் தேடி வாங்குவோரும் குறைந்துவிட்டார்கள். விரிசல், சில்லு பெயர்ந்த விளிம்பு, தேய்ந்த பொன் கோடு, காணாமல்போன மூடி ஆகிய ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தப் பொருள் கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நடை போய்வந்தால் கண் பழகும். ஆனால் வாங்க வருகிறவரையே மதிப்பிடச் சொல்லாதீர்கள். பழைய சாமானை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வாசலில் நிற்பவருக்கு அன்றே பதில் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு துண்டையும் முன்னும் பின்னும் படமெடுத்து, எண்ணி, குறைகளோடு பட்டியல் எழுதி, இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ பழைய செட்டை அனுப்பும் முன், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்றுக்கொள்வது நல்லது. இன்னொன்று: பழைய வண்ணப்பூச்சிலும் மெருகிலும் ஈயம் இருக்கலாம். மெருகு தேய்ந்த, விரிசல் விட்ட பாத்திரத்தில் புளிக்குழம்பும் தயிரும் ஊற்றி வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் நடந்ததை, சம்பந்தப்பட்ட அம்மாவின் அனுமதியோடு சொல்கிறேன். இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதல்ல. அவர் அறைவீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பேசியது.

அவர் ரயில்வேக் குடும்பத்தின் மூத்த மகள். தம்பி வெளிநாட்டில், தங்கை சென்னையில். படுக்கையில் கிடந்த தாயை இவர்தான் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டார். தாய் இறந்தபின் சாமான்களைப் பிரிக்கும் பேச்சு வந்தது. ‘அந்தப் பழைய தட்டெல்லாம் நீயே வச்சுக்கோக்கா, யாருக்கு வேணும்’ என்றார்கள் மற்ற இருவரும். ஆனால் இவர் அதற்குள் தட்டைத் திருப்பிப் பார்த்திருந்தார். படங்களை ஒரு வியாபாரிக்கு அனுப்பியிருந்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

‘ஃபாதர், அவங்களாத்தானே வேணாம்னு சொன்னாங்க? நான் ஒண்ணும் பொய் சொல்லலையே?’ என்று கேட்டார்.

‘பொய் சொல்லலைம்மா. ஆனா, அவங்க வேணாம்னு சொன்னது பழைய தட்டை. உங்க கையில இருக்கிறது வேற பொருள். அது அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்’ என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. ‘பதினோரு வருஷம், ஃபாதர். ஒருநாள்கூட அவங்க வந்து படுக்கையை மாத்தலை.’

அன்பானவர்களே, அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு உண்மையாகவே கூடுதல் உரிமை இருந்தது. நான் சொன்னது இதுதான்: ‘அந்தப் பதினோரு வருஷத்துக்காக இதை எனக்குக் குடுங்கன்னு வெளிப்படையா கேளுங்க. கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கு. சொல்லாம எடுத்துக்கிட்டா, உங்களுக்குச் சேர வேண்டியதே திருட்டுப் பொருள் மாதிரி ஆயிடும். விருந்துக்கு அவங்க வரும்போது அந்தத் தட்டை நீங்க வெளியே எடுக்க முடியாது.’

அவர் இருவருக்கும் சொன்னார். அப்புறம் எல்லாம் இனிமையாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். தம்பி, ‘இத்தனை நாள் ஏன் சொல்லலை?’ என்று கோபித்துக்கொண்டார். சில மாதம் தொலைபேசிகூட இல்லை. பிறகு வேறு இருவரிடம் நேரில் காட்டி, துண்டு துண்டாகச் சோதித்தார்கள். ஆறு தட்டுகளில் மயிரிழை விரிசல். அந்த வீட்டில் நாற்பது வருடம் வேலை செய்த ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எது செட்டோடு வந்தது, எது உடைந்தபின் வேறிடத்தில் வாங்கிச் சேர்த்தது என்று அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். முத்திரைப் புத்தகம் சொல்லாததை அவர் சொன்னார். கடைசியில் மதிப்பு, முதலில் வியாபாரி சொன்னதில் பாதிகூட வரவில்லை. மூத்தவரே செட்டை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பணம் தருவதாகச் சொன்னார். தங்கை பணம் வேண்டாம் என்று ஒரு மூடிப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தம்பி தன் பங்கைக் கேட்டார். அந்தத் தொகையில் ஒரு பகுதியை ஆயாவுக்குக் கொடுக்கச் சொன்னார். அத்தனை ஆண்டுகள் அந்தத் தட்டுகளைக் கழுவித் துடைத்துக் காத்தவரை அதுவரை யாரும் நினைக்கவில்லை.

இதிலிருந்து நான் உங்கள் முன் வைப்பது ஒரே ஒரு கருத்து. பாகம் பிரிக்கும் இடத்தில், விவரம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். பொய் சொல்லவில்லை என்பது போதாது. ஒருவருடைய அறியாமையின்மேல் நின்று நாம் பெறும் இலாபமும் களவுக்கு எதிரான ஏழாம் கட்டளையின் எல்லைக்குள் வருகிறது. இது அக்காவுக்கும் பொருந்தும், வாசலில் நிற்கும் வியாபாரிக்கும் பொருந்தும், அவரிடம் விரிசலை மறைத்து விற்க நினைக்கும் நமக்கும் பொருந்தும்.

விவரம் எல்லோருக்கும் தெரிந்தபிறகு பிரிப்பது கடினமல்ல. தொடக்க நூலில் ஆபிரகாமுக்கும் லோத்துக்கும் மேய்ச்சல் நிலம் போதாமல் போனபோது, பெரியவரான ஆபிரகாம் இளையவனை முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்த முறை இன்றும் உதவும். ஒருவர் சமமான பங்குகளாகப் பிரித்து வைக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். முதலில் எடுப்பவர் வேறொருவர் என்று தெரிந்தால் பிரிக்கிற கை தானாக நேர்மையாகிவிடும்.

பெற்றோர்களே, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையைப் பாதி முடித்துவிடலாம். இந்த வாரம் ஒருநாள் மாலை, அலமாரியையோ பரணையோ பிள்ளைகளோடு சேர்ந்து திறங்கள். இது யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருடம், யார் கல்யாணத்துக்கு என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, அந்தப் பெரிய சூப் பாத்திரத்துக்குள் வையுங்கள். எது யாருக்கு என்று விருப்பம் இருந்தால் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் காதில் மட்டும் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளே, அம்மாவைக் கவனித்துக்கொண்ட சகோதரியோ சகோதரனோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ‘உனக்கு எது வேண்டுமோ முதலில் எடுத்துக்கொள்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் மேசையைச் சுற்றி அமர்கின்ற அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.